பென்சில் போகிற சைக்கிள்

போன புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு எங்கள் தெருவில் நான் சைக்கிளில் வந்த காட்சியைப் பார்த்தவர்கள் அதைச் சீக்கிரத்தில் மறக்க மாட்டார்கள்.

முழங்கால் வரை சேறு. முதுகில், வாழை நாரால் குறுக்காகக் கட்டிய இரண்டு மட்கார்டுகள். கறுப்பு பிளாஸ்டிக். வில் மாதிரி வளைந்து, தலைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டு…

பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்த எதிர்வீட்டு சார் நின்றுவிட்டார்.

"என்னம்மா, வில்வித்தை கிளாஸ் ஏதாவது ஆரம்பிச்சிருக்காங்களா? ஃபீஸ் எவ்வளவு?"

சிரித்து வைத்தேன். ஸ்ரீரங்கத்தில் காலை வேளையில் யார் என்ன கேட்டாலும் சிரித்துவிட வேண்டும். நின்று விளக்கம் சொன்னால், நாம் வீடு போய்ச் சேருவதற்குள் அந்த விளக்கம் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் உள்ளுக்குள் அழுகைதான். ஏனென்றால் என் மகள் மித்ராவின் ஸ்கூல் வேன் ஏழு நாற்பதுக்குப் போய்விடும். நான் வந்தது ஏழே முக்காலுக்கு.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன போனது என்று சொல்ல வேண்டுமென்றால், நான்கு மாதம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை அணைத்தேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு திரும்பியவள். பார்த்துவிட்டு மறுபடி பஸ் ஸ்டாப் போய், கதவைப் பூட்டினேனா என்று இன்னொரு முறை திரும்பியவள். துவாக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். வீட்டில் கணவர் பிரபு, அவருடைய அம்மா, யுகேஜி படிக்கும் மித்ரா.

ஒரு நாளில் எனக்கே எனக்கு என்று ஒரே ஒரு துண்டு இருக்கிறது. காலை ஐந்தரையிலிருந்து ஆறே முக்கால் வரை. அப்போது என்னை யாரும் 'அம்மா' என்றோ 'மேடம்' என்றோ கூப்பிடுவதில்லை. கல்லூரியில் படித்தபோது வாங்கிய லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலூர்ப் பக்கம் கொள்ளிடக் கரைக்குப் போய்விடுவேன். ஒரு பக்கம் வாழைத் தோப்பு, இன்னொரு பக்கம் ஆறு, நடுவில் மண் பாதை. ஆறே முக்காலுக்கு வீட்டில் ஆஜர். குளியல், பின்னல், டிபன், டைரியில் கையெழுத்து, வேன்.

ஜூலையில் ஒரு நாள், முந்தைய இரவு நல்ல மழை. கரையில் பாதி தூரம் போனதும் சைக்கிள் நின்றுவிட்டது. நான் பிரேக் பிடிக்கவில்லை. தானாகவே நின்றது. பார்த்தால், வண்டல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி, கேசரி கிளறியது மாதிரி கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கிறது. சக்கரம் சுற்றவே இல்லை. குச்சியால் நோண்டினேன், பத்தடி போனதும் மறுபடி அடைத்தது. கடைசியில் பாதி தூக்கி, பாதி இழுத்து வீடு வந்தபோது மணி ஏழு ஐம்பது. வேன் போய்விட்டது. பிரபு அவசர அவசரமாக யூனிஃபார்ம் மாட்டி, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

அன்று ஸ்கூலில் மஞ்சள் நாள்.

மஞ்சள் கவுன், மஞ்சள் ரிப்பன், மஞ்சள் வளையல்… எல்லாம் எடுத்து பீரோவில் வைத்திருந்தேன். வைத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். மத்தியானம் பெற்றோர் குரூப்பில் போட்டோ வந்தது. ஒரு வகுப்பே சூரியகாந்தித் தோட்டம் மாதிரி நிற்கிறது. நடுவில் நீலக் கட்டம் போட்ட யூனிஃபார்மில் ஒரு குழந்தை. அதற்குச் சிரிப்பே இல்லை.

அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. டெலீட் செய்யக் கை வரவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "இன்னொரு தடவ என்னால பாப்பா வேனை விட்டான்னா, அதோட சைக்கிளைத் தொடமாட்டேன்."

யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. யாரும் திட்டவும் இல்லை. எங்கள் வீட்டில் எனக்கு யாரும் சட்டம் போடுவதே கிடையாது. அந்தச் சிரமத்தை நானே ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் போட்டாயிற்று. சேற்றில் நிற்காத சைக்கிள் வேண்டுமே?

தேடினேன். அப்போதுதான் கிராவல் பைக் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. ரேஸ் சைக்கிள் மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். ஆனால் மண் பாதைக்கு ஏற்ற அகலமான டயர். வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் சேற்றில் புகுந்து புறப்பட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்கு வேன் கிடையாது போலிருக்கிறது.

எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார்கள்: கிளியரன்ஸ். அதாவது டயருக்கும், அதைப் பிடித்திருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே உள்ள இடைவெளி. டயர் அகலமாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றி இடமும் இருக்க வேண்டும். சேறு ஒட்டத்தான் செய்யும். ஒட்டிய சேறு சக்கரத்தோடு சுற்றி வெளியே விழ வழி வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் ஆறு மில்லிமீட்டராவது விட வேண்டுமாம்.

ஆறு மில்லிமீட்டரைக் கடையில் எப்படி அளப்பது? டயருக்கும் கம்பிக்கும் நடுவே ஸ்கேல் நுழையாது. யோசித்துக்கொண்டே மித்ராவின் ஹோம்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பென்சிலை எடுத்து அளந்தேன். ஏழு மில்லிமீட்டர்!

"அம்மா, என் பென்சிலு!"

"நாளைக்குத் தரேன்டா."

நாளைக்கு என்பது மூன்று மாதம் ஆனது.

புத்தூரில் ஒரு பெரிய சைக்கிள் கடை. கைப்பையில் பென்சிலோடு போய் நின்றேன். விற்பனையாளர் தங்கமானவர்.

"வாங்க மேடம். குழந்தைக்குங்களா?"

"இல்லைங்க, எனக்கு."

"ஓ… சாருக்கா?"

"எனக்குங்க."

"அப்ப இந்தப் பிங்க்கைப் பாருங்க மேடம். முன்னாடி கூடை வரும். காய்கறி வாங்கிட்டு வரலாம்."

நான் கிராவல் பைக் வரிசைக்குப் போய், தரையில் மண்டியிட்டு, பென்சிலை எடுத்தேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"மேடம்… மேடம்! என்ன பண்றீங்க?"

"பென்சில் போகுதான்னு பாக்கறேன்."

"பென்சில் எதுக்கு மேடம் போவணும்?"

நல்ல கேள்விதான். பதில் சொல்ல நேரமில்லை.

முதலாவது, ஆலிவ் பச்சை. பார்த்தவுடனே மனசு போய்விட்டது. பென்சில் போகவில்லை. இரண்டாவதில் முன் சக்கரத்தில் தாராளமாகப் போனது. பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. சில ஜாதகங்கள் இப்படித்தான். ஒன்பது பொருத்தம் இருக்கும், பத்தாவதில் இடிக்கும். மூன்றாவதில் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் டயர் போட்டிருந்தார்கள். ஐம்பது வரைக்கும் போடலாமாம். முன்னால், பின்னால், இடம், வலம்… எங்கே விட்டாலும் பென்சில் காற்றாடிக்கொண்டு போய் வந்தது.

நிறம்தான்… எப்படிச் சொல்ல? நேற்று வைத்த ரசம்.

அன்று வாங்கவில்லை. பச்சையை நினைத்துக்கொண்டு வீடு வந்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். பச்சையில் மறுபடி பென்சிலை விட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் இரும்பு இளகியிருக்குமா என்ன? மூன்றாவது சனிக்கிழமை என்னைப் பார்த்ததுமே அவர் உள்ளே குரல் கொடுத்தார்: "பென்சில் மேடம் வந்துட்டாங்க, ரெண்டு டீ சொல்லு!"

பிரபுவும் அன்று கூட வந்திருந்தார். அரை மணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணு கேக்கவா? என்னையப் பாக்க பதினஞ்சு நிமிஷம்தான எடுத்துக்கிட்ட? பஜ்ஜி ஆறுறதுக்குள்ள ஓகே சொல்லிட்டியே?"

"அப்ப என்கிட்ட பென்சில் இல்லைங்க."

விற்பனையாளர் திரும்பி நின்று சிரித்தார். அந்த ரோஷத்திலேயே ரசத்துக்கு பில் போடச் சொன்னேன்.

வண்டி வீட்டுக்கு வந்தது. அத்தை சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு வாசலில் தயாராக இருந்தார். முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மட்கார்டு எங்கம்மா?"

"இதுக்குக் கிடையாது அத்தை."

"ஸ்டாண்டு?"

"அதுவும் கிடையாது."

"கேரியர்? பெல்லு?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அத்தையின் முகத்தில் பரிதாபம். "இன்னும் கொஞ்சம் காசு போட்டிருந்தா எல்லாத்தையும் சேத்துக் குடுத்திருப்பான்ல? மொட்டையா வாங்கிட்டு வந்து நிக்கிறியே…"

விலையைச் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. அவர் இந்தப் பத்தியைப் படிப்பார் என்பதால் இங்கேயும் சொல்லப் போவதில்லை.

எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்குக் கீழே வைத்தோம். கார் என்றால் பழம் நசுங்கும். சைக்கிள் எடை எவ்வளவு? தள்ளினால் அந்தப் பழம் டயரில் ஒட்டாமல் நழுவி, தெருவைத் தாண்டி எதிர்வீட்டு கேட்டுக்குள் உருண்டது. எதிர்வீட்டு சார் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல பழம்" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது முறையும் நழுவியது. அத்தை முகம் மாறுவதைப் பார்த்த பிரபு, யாரும் பார்க்காதபோது செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தார். பூஜை இனிதே முடிந்தது.

முதல் பத்து நாள் சொர்க்கம். இடையில் ஒரு தூறல் கூட வந்தது. சேறு ஒட்டியது, சுற்றியது, விழுந்தது. சக்கரம் நிற்கவே இல்லை. விழுந்த சேறு என் முதுகில் விழுந்தது என்பது மட்டும்தான் விஷயம். இடுப்பிலிருந்து பின்கழுத்து வரை ஒரு நேர்க்கோடு.

"முதுகெல்லாம் சேறு" என்று துணி ஊற வைக்கும்போது சாதாரணமாகச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் மாலை ஆபீஸிலிருந்து வந்தால், வாசலில் என் வண்டி… இரண்டு சக்கரத்துக்கும் முழு மட்கார்டு போட்டு நிற்கிறது. பக்கத்தில் பிரபு, கையில் ஸ்பேனரோடு. முகத்தில் ஒரு பூரிப்பு.

"எப்படி?"

என்ன சொல்வீர்கள் நீங்கள்? 'இந்த இடைவெளிக்காகத்தான் மூன்று மாதம் அலைந்தேன், அதை நீங்கள் அரை மணி நேரத்தில் அடைத்துவிட்டீர்கள்' என்றா? அந்த முகத்தைப் பார்த்தா?

"சூப்பரா இருக்குங்க" என்றேன்.

அவர் கை கழுவப் போனதும் பென்சிலை எடுத்தேன். போகவில்லை. நுனி கூட நுழையவில்லை.

கழற்றினால் அவர் மனசு கஷ்டப்படும். கழற்றாவிட்டால்? மழை வராமலே இருக்கலாம். வந்தாலும் கரையில் பெய்யாமல் இருக்கலாம். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தபோது ஐப்பசி மாதம் நடந்துகொண்டிருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன செவ்வாய் ராத்திரி பெய்தது.

புதன் காலை, அதே கரை, கிட்டத்தட்ட அதே இடம். வண்டி நின்றது. குனிந்து பார்த்தேன். அதே கேசரி.

மணி ஆறு இருபது. பிரபுவுக்கு போன் போட்டேன், தூங்கிக்கொண்டிருந்திருப்பார். எடுக்கவில்லை. அத்தையின் போன் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும். அது அடிப்பது ஃபிரிட்ஜுக்கு மட்டும்தான் கேட்கும். இடுப்புப் பையைத் திறந்தேன். நான் எதற்கும் தயாராக வெளியே போகிறவள் ஆயிற்றே! பேண்டெய்ட் இருந்தது. உப்பு சர்க்கரைக் கரைசல் பவுடர் இருந்தது. ஆதார் நகல், டார்ச், விபூதிப் பொட்டலம், மித்ராவின் பென்சில். நான்கு நட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர் மட்டும் இல்லை.

பென்சிலால் நோண்டினேன். இரண்டாக உடைந்தது.

நடந்தேன். அரை கிலோமீட்டர் இழுத்திருப்பேன். வாழைத் தார் ஏற்ற ஆள் எதிர்பார்த்துத் தோப்பு ஓரத்தில் மொபெட்டோடு நின்ற ஒருவர் பார்த்துவிட்டார்.

"என்னாச்சு தங்கச்சி? பஞ்சரா?"

"இல்லண்ணே. சேறு அடைச்சுக்கிச்சு."

குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "டயரைச் சுத்தி நல்லா எடம் விட்டுத்தான பண்ணியிருக்கான். அந்த எடத்துல போயி எதுக்கு இந்த மட்கார்ட மாட்டுனீங்க?"

மூன்று மாத ஆராய்ச்சியை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"வீட்டுக்காரர் ஆசையா மாட்டினாருண்ணே…"

"அப்படியா?" கொஞ்சம் யோசித்தார். "அப்ப கழட்டிக்கலாமா, வேணாமா?"

"கழட்டுங்கண்ணே!" என்று நான் போட்ட சத்தத்தில் தோப்பிலிருந்து இரண்டு கொக்கு பறந்தது.

மொபெட் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். ஒரு நட்டு துருப்பிடிக்காமலே அடம்பிடித்தது. நடுவில் மறுபடி பிரபுவுக்கு அடித்தேன், அப்போதும் எடுக்கவில்லை. எல்லாம் முடிய ஏழே கால் தாண்டிவிட்டது. "ஆசையா மாட்டினதுன்னு சொல்றீங்க, தூக்கிப் போட்டுட்டுப் போவாதீங்க" என்று ஒரு வாழைப்பட்டையிலிருந்து நார் கிழித்து, இரண்டையும் என் முதுகில் அவரே கட்டிவிட்டார். மிதித்தேன். சேறு விழுந்தது, சக்கரம் ஓடியது. ஆனால் வேன் எனக்காக நிற்கவா போகிறது?

இதுதான் ஏழே முக்கால் காட்சி.

வாசலில் வண்டியைச் சுவரில் சாய்த்தேன். வீடு அமைதியாக இருந்தது. இதுதான் கடைசி சவாரி என்று மனசுக்குள் எழுதிவிட்டேன். ஹாலில் பிரபு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா எங்கங்க?"

"வேன்ல போயிட்டா."

"வேன்லயா? யாரு கிளப்பினா?"

"நாந்தான்."

"குளிச்சாளா?"

"குளிச்சா."

"டிபனு?"

"தோசை. அம்மா ஊத்தினாங்க."

"டைரில கையெழுத்து?"

"போட்டாச்சு."

"ரெண்டு பின்னல்?"

"அதுதான்… ஒண்ணுதான் வந்துச்சு. கொஞ்சம் மேல வந்துச்சு."

"ரெண்டாவது தடவ போன் போட்டேனே, ஏன் எடுக்கல?"

"ரெண்டு கையும் அவ தலையில இருந்துச்சும்மா!"

நிம்மதியாக இருந்தது. அதோடு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், லேசாக வலிக்கவும் செய்தது. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒரு குழந்தை தலை சீவிக்கொள்ளாது என்ற நம்பிக்கையில்தானே தினமும் ஆறே முக்காலுக்கு ஓடி வந்துகொண்டிருந்தேன்?

"தண்ணி பாட்டில்?" கடைசி அஸ்திரம்.

"அதுவும் போயிடுச்சு."

அப்போதுதான் அவர் என் முதுகைப் பார்த்தார்.

"கழட்டிட்டியா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "வேணாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க ஆசையா மாட்டியிருந்தீங்களே…"

"நான் எங்க ஆசையா மாட்டினேன்? அந்த மொட்டை வண்டிதான் பாக்க நல்லா இருந்துச்சு. அம்மாதான் மனசு கேக்காம சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நான் ஒரு நாள் கேட்டேன், அதோட விட்டுட்டேன். இவதான முதுகெல்லாம் சேறுன்னு பொலம்பினா? சரி, கஷ்டப்படுறாளேன்னு மாட்டச் சொன்னேன்."

அத்தையும் ஹாலுக்கு வந்து, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்குமே வேண்டாத இரண்டு மட்கார்டுகள். ஒவ்வொருவரும் இன்னொருவருக்காகப் போட்டது. எத்தனை வீட்டில் எத்தனை பொருள் இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறதோ! யாரும் சாப்பிடாத பலகாரம், யாரும் உட்காராத சோபா, யாருக்கும் பிடிக்காத திரைச்சீலை… 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொல்லாவிட்டால் நான்கு நட்டும் ஒரு ஸ்பேனரும் தேவைப்படுகிறது.

மட்கார்டுகள் வீணாகவில்லை. அத்தை அவற்றை மொட்டை மாடித் தொட்டிகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்து, ஒரு தொட்டித் தண்ணீர் அடுத்த தொட்டிக்குப் போக வாய்க்கால் கட்டிவிட்டார். கறிவேப்பிலை நன்றாக வருகிறது.

அன்று சாயங்காலம் மித்ரா வேனிலிருந்து இறங்கினாள். உச்சந்தலையில் ஒற்றைக் குடுமி, தென்னங்கன்று மாதிரி. சாரி சொல்லலாம் என்று மண்டியிட்டேன்.

"அம்மா காலைல லேட்டா வந்துட்டேன்டா…"

"நாளைக்கும் லேட்டா வாம்மா. அப்பா பால்ல மூணு ஸ்பூன் சக்கர போட்டாரு."

அவளுக்குப் புது பென்சில் ஒரு டஜன் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன். என் சட்டத்தில் ஒரு திருத்தமும் செய்திருக்கிறேன். ஆறே முக்கால் இனிமேல் ஏழே கால். சுற்றிலும் அரை மணி நேர இடைவெளி.

பென்சில் தாராளமாகப் போகிறது.